மறைகோப்பா, புள்ளிக்கோப்பா?

குழுவினருக்கு வணக்கம்.
லினக்ஸ் ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஓர் அடைவில் (ஃபோல்டரில்) உள்ள கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளைப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பெயர் புள்ளியில் தொடங்கினால் அந்தக் கோப்பை எல்எஸ் காட்டாது, -ஏ சேர்த்தால்தான் காட்டும். பழைய வரைவில் இவை 'மறைந்த கோப்புகள்'. வகுப்பில் வாசித்ததும் பின்வரிசைப் பையன் எழுந்து மௌன அஞ்சலி செலுத்தினான். வேறு சொல் தாருங்கள்.

* * *

'மறைகோப்பு' என்று வையுங்கள். வினைத்தொகை, ஊறுகாய் போல வல்லினம் மிகாது. 'மறைக்கோப்பு' என்று ஒற்றுப் போட்டுவிட்டால் வேதம் ஓத வந்துவிடுவார்கள். ஆனால் எனக்குப் பிடித்தது 'கரவுக்கோப்பு'. கரத்தல் என்றால் ஒளித்தல். ஒரு செய்யுளுக்குள் இன்னொன்றை ஒளித்துவைக்கும் கரந்துறைபாட்டு நினைவிருக்கும். கரப்பான் பூச்சிக்கும் இதுவே வேர் என்பது என் கட்சி. கரந்தைத் திணை பற்றித் தனி மடல் போடுகிறேன்.

* * *

ஐயா, கரப்பானை விடுங்கள். விண்டோஸில் மறைப்புக்கென்றே தனிப் பண்பு உண்டு, பெயரைத் தொடாமலே ஒளிக்கலாம். லினக்ஸுக்கு முன்னோடியான பழைய யூனிக்ஸில் அப்படி எதுவும் கிடையாது. அடைவுதோறும் இருக்கும் ஒற்றைப்புள்ளி (அதே அடைவு), இரட்டைப்புள்ளி (மேலடைவு) இரண்டையும் பட்டியலில் தவிர்க்க, முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்தார்களாம். புள்ளியில் தொடங்கிய மற்றதெல்லாம் சேர்ந்தே விழுந்தது. யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் 2012இல் எழுதியது இது. பெயரை வைத்து வந்த வினைக்குப் 'புள்ளிக்கோப்பு' என்பதே நேர்.

எரிச்சல் எனக்கு இல்லாமலில்லை. 'எல்லாம்' என்று உடுக்குறி (*) போட்டு நகலெடுத்தால், கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லும் இவற்றை விட்டுவிடும். அப்படி ஒரு தளத்தை இடம் மாற்றினேன்; .எச்டிஅக்சஸ் என்ற சர்வர் அமைப்புக் கோப்பு வரவில்லை. முகப்பு திறக்கிறது, உள்ளே எதைத் தொட்டாலும் 404. எல்எஸ் போட்டால் இரண்டு சர்வரிலும் பட்டியல் அச்சு அசலாக ஒன்றே!

* * *

தொல்காப்பியரும் உங்கள் பக்கம்தான்: 'மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்'. அங்கே புள்ளி ஏறினால் அகரம் அடங்கும், இங்கே கோப்பே அடங்கிவிடுகிறது. ஆனால் .கான்ஃபிக் ஓர் அடைவாயிற்றே, அதைப் 'புள்ளியடைவு' என்பீர்களா? புள்ளிக்கோப்பு என்றதும் புள்ளிவிவரக் கோப்பு என்று எழுதிக்கொள்ளும் மாணவர்கள் எனக்கு உண்டு. அவர்கள் வாயில் இன்று இருப்பது டாட் ஃபைல். அதையே விட்டுவிட்டால் என்ன குறை?

* * *

அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. 'மறைகோப்பு' என்றே போகிறேன். முதல் இடத்தில் 'பெயர் புள்ளியில் தொடங்குபவை' என்று ஒரு வரி சேர்க்கிறேன். அந்த இரு புள்ளி வரிகளை மட்டும் விட்டு மற்றதைக் காட்டும் பெரிய எழுத்து -ஏ-வுக்கு (-A) 'ஏறத்தாழ எல்லாம்'. அதற்கும் யாராவது வேர் தேட வேண்டாம்.

* * *

பெரும்பான்மை முடிவு, சரி. ஆனால் மறைகோப்பு என்று படித்தவன் அது பத்திரமானது என்று நம்பிக் கடவுச்சொல்லை அதில் எழுதிவைப்பான். அடைவைப் படிக்க அனுமதி உள்ள எவரும் -ஏ போட்டால் பெயர் தெரிந்துவிடும். என் பாடக்குறிப்பில் புள்ளிக்கோப்புதான்.

* * *

கரவுக்கோப்பு ஏன் கூடாது என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.