அப்பாவுக்கும் தம்பிக்கும் ஒரே மாத்திரையா?

வணக்கம். அப்பாவுக்கு 79 வயது, மாரடைப்பு வந்ததில்லை, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 150. தம்பிக்கு 34 தான், எல்டிஎல் 196. இருவருக்கும் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். 190ஐத் தாண்டினால் சின்ன வயதிலும் மாத்திரை தேவை, பரம்பரைக் கோளாறா என்றும் பார்க்க வேண்டும், அதனால் தம்பி விஷயத்தில் எனக்குக் குழப்பமில்லை, அவன்தான் "இந்த வயசிலேயா" என்று தள்ளிப்போடுகிறான். கவலை அப்பாவைப் பற்றித்தான். 75க்கு மேல், இதய நோய் இல்லாதவர்களுக்குப் புதிதாக ஸ்டாட்டின் தொடங்குவதற்குச் சான்றுகள் குறைவு; போதாததற்கு, பிரஷர் மாத்திரையைக் கூட்டியதிலிருந்து எழுந்து நின்றாலே தலைசுற்றுகிறது, விழுந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. படுத்திருக்கும்போதும் நின்ற பிறகும் பிரஷர் அளந்து எழுதி வைக்கிறேன். டாக்டரிடம் வேறு என்ன கேட்க வேண்டும்? மருத்துவம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், தம்பி மாதிரி ஆளைச் சம்மதிக்க வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?