பெட்ஸை விற்ற அணிக்கு இன்னும் விசிறியாக இருக்கிறேன். நான் மட்டும்தான் முட்டாளா?

கும்பகோணத்தான்

இங்கே பேஸ்பால் பார்ப்பவர்கள் பத்துப் பேராவது இருப்பீர்கள் என்று நம்பிக் கேட்கிறேன். ஒன்பது வருடம் பாஸ்டன் பக்கம் வேலை பார்த்துவிட்டு 2019 கடைசியில் ஊரோடு வந்துவிட்டேன். கொண்டுவந்தது இரண்டு பெட்டி, அந்த ஊர் அணியான ரெட் சாக்ஸின் தொப்பி ஒன்று. பெட்டியைப் பிரித்து அடுக்குவதற்குள், 2020 பிப்ரவரியில், மூக்கி பெட்ஸை லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். 2018-இல் கோப்பை வென்ற அணியின் உயிர்நாடி அவர், அந்த வருடத்து அமெரிக்கன் லீக் சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான். கூடவே பந்துவீச்சாளர் டேவிட் பிரைஸையும் அனுப்பி, அவருக்கு மிச்சம் தரவேண்டிய 9.6 கோடி டாலரில் பாதியை நாங்களே கட்டுகிறோம் என்றும் ஒப்புக்கொண்டார்கள். பெண்ணைக் கொடுத்து, மாட்டையும் கொடுத்து, மாட்டுக்கு வைக்கோலும் மாதாமாதம் அனுப்பிய கதை.

சரி, ஆறு வருடம் ஆகிவிட்டது, விட்டுத்தொலைப்போம் என்றுதான் இருந்தேன். 2025 நவம்பர் 2 ஞாயிற்றுக்கிழமை, உலகத் தொடரில் டாட்ஜர்ஸுக்கு டொரொண்டோவோடு ஏழாவது ஆட்டம், விடிகாலை ஐந்தரைக்கு உட்கார்ந்தவன் ஒன்பதரை தாண்டியும் எழவில்லை. இட்லி ஆறிப்போய் அம்மா இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். பதினோராவது இன்னிங்ஸ், டாட்ஜர்ஸ் 5-4 முன்னிலை. டொரொண்டோவின் கர்க் அடித்ததில் மட்டை உடைந்து, பந்து உருண்டு வந்தது யாரிடம்? பெட்ஸிடம். தானே ஓடி இரண்டாவது பேஸை மிதித்து, முதல் பேஸுக்கு எறிந்து, ஒரே பந்தில் இரண்டு அவுட், கோப்பை முடிந்தது. பெரும்பாலும் வலதுபுற எல்லையில் நின்ற ஆளை இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில், ஷார்ட்ஸ்டாப்பில் நிறுத்தி, அதையும் கற்றுக்கொண்டு இப்படி ஒரு முடிவு. டாட்ஜர்ஸோடு அவருக்கு இது மூன்றாவது கோப்பை. எனக்குக் கை தட்டுவதா, டிவியை அணைப்பதா என்று தெரியவில்லை.

அது போதாதென்று 2025 ஜூனில் மூன்றாவது பேஸ் ஆட்டக்காரர் டெவர்ஸையும் சான் பிரான்சிஸ்கோவுக்குத் தள்ளிவிட்டார்கள். 31.35 கோடி டாலருக்குப் பத்து வருடம் ஒப்பந்தம் போட்டு மூன்றாவது வருடம்கூட முடியவில்லை. ப்ரெக்மனைக் கொண்டுவந்து இவரை மூன்றாவது பேஸை விட்டு நகர்த்தினார்கள், அப்புறம் முதல் பேஸுக்குப் போ என்றார்கள், மாட்டேன் என்றார், போய்விட்டார்.

கேள்வி இதுதான். அந்த 2020 முடிவு கணக்குப்படி சரி என்று மன்னார்குடியில் இருக்கும் என் நண்பர் அடித்துச் சொல்கிறார். சரியா? சரி இல்லையென்றால் இந்த அணியை இன்னும் பார்ப்பது நியாயமா, இல்லை நடுவயதில் அணி மாறலாமா?

மன்னை கணக்கு

அந்த நண்பர் நான்தான். இங்கேயும் வந்து பஞ்சாயத்து வைத்துவிட்டார், வைக்கட்டும்.

2023-ஐ நினைத்துப் பாருங்கள். ஜூன் 12, மேட்டூர் திறந்தார்கள், அணையில் நூறடிக்கு மேல் தண்ணீர். எங்கள் பக்கம் எல்லோரும் குறுவை போட்டோம். கர்நாடகம் தரவேண்டியதைத் தரவில்லை, ஆற்றில் தண்ணீர் குறைந்தது, கடைமடையில் பயிர் கருகியது, அக்டோபர் 10-ஆம் தேதி அணையையே மூடினார்கள். எனக்கு ஒன்றரை ஏக்கர் போனது. இப்போது யாராவது வந்து, நீ ஜூனில் நாற்று விட்டது தப்பு என்றால் ஒப்புக்கொள்வேனா? ஜூனில் எனக்குத் தெரிந்ததை வைத்து அதுதான் சரியான முடிவு.

பாஸ்டனுக்கு 2020-இல் என்ன தெரியும்? பெட்ஸுக்கு ஒரு வருட ஒப்பந்தம்தான் மிச்சம். அது முடிந்தால் யாரிடமும் போகலாம், நமக்கு டிராஃப்டில், அதாவது புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில், ஒரு இடம் மட்டும் மிஞ்சும். அந்த வருடம் ஒரு அணியின் மொத்தச் சம்பளத்துக்கு வரி இல்லாத எல்லை 20.8 கோடி டாலர். அதைத் தாண்டினால் தாண்டியதன்மேல் வரி, முதல் வருடம் 20 சதவீதம், அடுத்து 30, மூன்றாம் வருடம் 50. பாஸ்டன் 2018-இலும் 2019-இலும் தாண்டியாகிவிட்டது. ஒரே ஒரு வருடம் கீழே இறங்கினால் வரி மறுபடி இருபதிலிருந்து தொடங்கும். இறங்கினார்கள்.

பெட்ஸுக்குப் பதிலாகக் கைக்கு வந்த மூன்று பேர் மோசம் என்பதை மறுக்கவில்லை. வெர்டூகோவை நான்கு சீசன் வைத்திருந்து கடைசியில் பரம எதிரி யாங்கீஸுக்கே கொடுத்தார்கள் (இது மட்டும் மன்னிக்க முடியாதது). ஜீட்டர் டவுன்ஸ் பதினான்கு ஆட்டத்தோடு கழன்றுகொண்டார். கானர் வாங் ஒருவர்தான் தங்கினார். ஆனால் கிடைத்த விலை குறைந்ததால் மாட்டை விற்றதே தப்பு என்று சொல்ல முடியாது.

வெண்ணாற்றங்கரை

கணக்கு அண்ணே, குறுவைக் கதை நல்லா இருக்கிறது, ஆனால் பொருந்தவில்லை. நீங்கள் தண்ணீர் வரும் என்று நம்பி நாற்று விட்டீர்கள். பாஸ்டன் செய்தது, வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போதே மடையை அடைத்துவிட்டு, நாளைக்கு வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டது.

இதே பெட்ஸை வைத்து இன்னொரு கதை. 2020 உலகத் தொடர், ஆறாவது ஆட்டம். டாட்ஜர்ஸுக்கு எதிராக டாம்பா பே ஒன்றுக்குப் பூஜ்யம் முன்னிலை. டாம்பாவின் பிட்சர், அதாவது பந்துவீச்சாளர், பிளேக் ஸ்நெல் 73 பந்துதான் வீசியிருக்கிறார், ஒன்பது பேரை அடிக்கவே விடாமல் ஸ்டிரைக் அவுட் ஆக்கியிருக்கிறார், ஆறாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் பார்ன்ஸ் அடித்தது அவருக்கு எதிராக வந்த இரண்டாவது ஹிட். அடுத்து வருவது பெட்ஸ், அன்று ஸ்நெல்லிடம் இரண்டு முறை ஸ்டிரைக் அவுட் ஆனவர். டாம்பா மேனேஜர் கெவின் கேஷ் நடந்து வந்து பந்தை வாங்கிக்கொண்டார். காரணம்? அடிப்பவர் ஒரே பிட்சரை மூன்றாவது முறை பார்க்கும்போது பந்து பழகிவிடும், அதனால் அதற்கு முன்பே மாற்று என்கிறது புள்ளிவிவரம். பல வருட ஆட்டத்தை வைத்துப் பார்த்தால் அது உண்மைதான். ஆனால் ஸ்நெல்லுக்குப் பதிலாக ஆண்டர்சன் வந்தார், பெட்ஸ் இரண்டு பேஸ் அடித்தார், ஒரு பந்து தவறிப்போய் சமன், அடுத்த ஆள் தரையில் தட்டியதில் பெட்ஸே ஓடிவந்து முன்னிலை. முடிந்தது, 3-1, கோப்பை டாட்ஜர்ஸுக்கு. பெட்ஸை விற்ற நிர்வாகி கைம் ப்ளூம் பாஸ்டனுக்கு வந்ததும் இதே டாம்பா அலுவலகத்திலிருந்துதான், கவனித்தீர்களா?

எங்கள் ஊர் பொங்கல் கபடியில் இதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். சில வருடம் முன்பு, இரவு பதினொரு மணி, டியூப் லைட்டைச் சுற்றிப் பூச்சி, சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்துபோன மண் தளம். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன், முழங்காலில் அவன் அம்மாவின் பழைய புடவைத் துணியைக் கட்டிக்கொண்டு, போகிற ரைடெல்லாம் பாயிண்டோடு வருகிறான். எதிரணி அவன் காலைப் பார்த்தாலே பின்வாங்குகிறது. ஆனால் குழு பொறுப்பாளர் முந்தின நாளே வெளியூரிலிருந்து மூவாயிரம் ரூபாய் பேசி ஒரு ஆளைக் கொண்டுவந்திருந்தார். சமநிலை, கடைசி ரைடு. அந்த வெளியூர்க்காரரை அனுப்பினார். கோட்டைத் தாண்டிய நான்காவது அடியில் கணுக்காலைப் பிடித்துவிட்டார்கள். ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டதற்குப் பொறுப்பாளர் சொன்னார், காசு கொடுத்தாயிற்று, இறக்காமல் விட்டால் வீண்தானே.

கேஷும் அதைத்தான் செய்தார். முன்பே எடுத்து வைத்த முடிவு மாதிரி, அன்றைக்குக் கண் முன்னால் நடந்ததைப் பார்க்கவில்லை. கும்பகோணத்தான் அண்ணனுக்கு என் பதில்: அணி மாறாதீர்கள், ஆனால் மன்னிக்கவும் வேண்டாம்.

மாயவரத்து அம்மா

தம்பிகளா, எனக்குப் பேஸ்பால் தெரியாது. என் பையன் விஸ்கான்சினில் இருக்கிறான், அதனால் அமெரிக்க ஃபுட்பாலும் கிரீன் பே பேக்கர்ஸும் வேறு வழியில்லாமல் தெரியும்.

அந்த அணிக்கு முதலாளியே கிடையாது. ஐந்து லட்சம் பேருக்கு மேல் பங்கு வைத்திருக்கிறார்கள். ஊரோ நம் கும்பகோணத்தைவிடச் சின்னது, ஒரு லட்சத்துச் சொச்சம் பேர். 2021-இல் பங்கு விற்றபோது என் பையனும் 300 டாலர் கொடுத்து ஒன்று வாங்கினான். டிவிடெண்ட் எவ்வளவுடா என்று கேட்டேன், கிடையாது என்றான். விலை ஏறினால் விற்கலாமா என்றேன், விற்கவும் முடியாது என்றான். முப்பது வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவள் நான், இப்படி ஒரு பங்கை என் சர்வீஸில் பார்த்ததில்லை. சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறான், கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில்.

நான் சொல்ல வந்தது, 2025 ஆகஸ்டில் டல்லஸிலிருந்து மைக்கா பார்சன்ஸ் என்ற பையனை வாங்கினார்கள். பதிலுக்குப் புது வீரர்களை எடுப்பதில் இரண்டு வருடத்து முதல் சுற்றுத் தேர்வும், கென்னி கிளார்க் என்ற ஆட்டக்காரரும் போனது. 18.8 கோடி டாலர், நான்கு வருடம். டிசம்பரில் டென்வரோடு ஆடும்போது முழங்கால் தசைநார் அறுந்துவிட்டது, சீசன் முடிந்தது. வீடியோ காலில் பையன் முகம் வாடிப்போயிருந்தது. நீதான் முதலாளி ஆயிற்றே, உன்னைக் கேட்டா வாங்கினார்கள் என்றேன். பங்குதாரர்கள் இயக்குநர் குழுவுக்கு ஓட்டுப் போடலாமாம், ஆளை வாங்கு விற்காதே என்று சொல்ல முடியாதாம். எங்கள் சங்கமும் அப்படித்தான் இருந்தது.

கும்பகோணத்தான்

அம்மா சொன்னதில்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. ஃபுட்பாலில் சம்பள உச்சவரம்பு கறார், 2025-இல் 27.92 கோடி டாலர், எந்த அணியாலும் தாண்ட முடியாது. அங்கே ஒருவரை விடாவிட்டால் இன்னொருவரை வைத்துக்கொள்ள இடமில்லை என்று நம்பலாம். பேஸ்பாலில் அப்படிக் கறாரான வரம்பு கிடையாது, வரிதான். கட்ட மனமிருந்தால் கட்டிவிட்டு வைத்துக்கொள்ளலாம். டாட்ஜர்ஸ் கட்டினார்கள், 2020 ஜூலையிலேயே பெட்ஸுக்குப் பன்னிரண்டு வருடம் 36.5 கோடி கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். பாஸ்டன் ஒன்றும் ஏழை அணி இல்லை. ஆகவே கணக்கு, உன் குறுவையில் தண்ணீர் இல்லை, இவர்கள் ஆற்றில் தண்ணீர் இருந்தது.

மன்னை கணக்கு

முடியாது வேறு, மனமில்லை வேறு, சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஸ்நெல் விஷயத்தில் மட்டும் கேஷ் பக்கம்தான் நிற்பேன். ஒரு ஆட்டம் தோற்றதற்காக ஆயிரம் ஆட்டத்துக் கணக்கைக் குப்பையில் போட முடியாது.

வெண்ணாற்றங்கரை

அன்றைக்கு ஆடியது ஆயிரம் ஆட்டம் இல்லை அண்ணே, ஒன்று.

திருவையாறு மஞ்சள்

எல்லோரும் பாஸ்டனுக்கு அழுகிறீர்கள். நம் சென்னை அணியின் 2023 ஐபிஎல் இறுதி ஆட்டம், இரண்டு பந்து, பத்து ரன், ஒரு சிக்ஸர் ஒரு ஃபோர். அந்த ஜடேஜாவை 2025 நவம்பரில் சாம் கரனோடு சேர்த்து ராஜஸ்தானுக்கு அனுப்பிவிட்டு சாம்சனை வாங்கினார்களே, அதைப் பற்றி ஒருவர் வாய் திறக்கவில்லை. அவர் சம்பளம்கூட 18 கோடியிலிருந்து 14-க்கு இறங்கியது. விக்கெட் கீப்பர் வேண்டும், தோனிக்கு அப்புறம் யார் என்பதெல்லாம் புரிகிறது, 2025-இல் கடைசி இடம் வந்த அணி எதையாவது மாற்றித்தான் ஆகவேண்டும். ஆனாலும் ராஜஸ்தான் இளஞ்சிவப்புச் சட்டையில் அவரைப் பார்க்க என்னால் முடியாது. எங்கள் தெருவில் மூன்று வீட்டுப் பிள்ளைகள் எட்டாம் நம்பர் மஞ்சள் சட்டை வைத்திருக்கிறார்கள், அதை என்ன செய்வது என்று கேட்கிறார்கள்.

கும்பகோணத்தான்

போடச் சொல்லுங்கள் தம்பி. என் தொப்பியும் பீரோவில்தான் கிடந்தது. இன்றைக்குச் சம்பா அறுப்பு, மெஷின் வந்துவிட்டது என்று அவசரத்தில் அப்பா கைக்குக் கிடைத்ததை எடுத்து மாட்டிக்கொண்டு வயலுக்குப் போயிருக்கிறார். மதியம் சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்தேன், வரப்பில் நிற்கிறார், தலையில் பாஸ்டன், முன்பக்கம் முழுக்க நெல் தூசி.

மார்ச் கடைசியில் சீசன் தொடங்குகிறது. அதற்குள் துவைக்கவேண்டும்.