கணைக்கால் எலும்பில் வலி, இராணுவத் தேர்வுக்கு ஏழு வாரம்தான் இருக்கிறது

லிந்தாங்ரோடு_தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 19 வயது. சுங்கை சிப்புட்டில் இருந்து லிந்தாங் போகும் பக்கம், செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருக்கிறோம். அப்பா குலை வெட்டுகிறார். நான் ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு முடித்து டவுனில் ஒரு டயர் கடையில் வேலை பார்க்கிறேன். மலேசியத் தரைப்படையில் பெராஜுரிட் மூடாவாக, அதாவது பயிற்சிப் படைவீரனாகச் சேர வேண்டும், போர்ட்டிக்சனில் அந்த ஆறு மாதப் பயிற்சியை முடிக்க வேண்டும் என்பது எனக்கு ஆரம்பப் பள்ளி நாளில் இருந்தே உள்ள ஆசை. எங்கள் லயத்தில் இருந்து இதுவரை யாரும் போனதில்லை.

தேர்வு நாளுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. 2.4 கிலோமீட்டரை 12 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று நானே ஓர் இலக்கு வைத்து ஓட ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் வாரம் இரண்டு நாள் ஃபுட்சால் மட்டும்தான். முதல் வாரம் மூன்று நாள் ஓடினேன், நாளுக்கு 2 கிலோமீட்டர். உடம்பு நன்றாக இருந்ததால் மூன்றாவது வாரமே தினமும் 5 கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை 10. விடியற்காலை பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) ஆட்கள் போகும் நேரத்தில் நானும் கிளம்பி, மாரியம்மன் கோயில் வரைக்கும் செம்மண் பாதையில் ஓடித் திரும்புவேன். நேரம் 12.20 வரை இறங்கியது.

இப்போது இடது காலில், கணுக்காலுக்கு நாலு விரல்கடை மேலே, எலும்பின் உள்பக்க ஓரம் வலிக்கிறது. முதலில் ஓட ஆரம்பிக்கும்போது மட்டும் இருந்தது, சூடானதும் போய்விடும். இப்போது ஓடி முடிக்கும் வரை இருக்கிறது. காலையில் லயத்துப் படியில் இறங்கும்போதும் சுருக்கென்கிறது. டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினேன். காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினால் வலி தெரிவதில்லை.

நிறுத்தினால் மூச்சு போய்விடும் என்று பயமாக இருக்கிறது. நிறுத்தாவிட்டால் கால் போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஈப்போ_மாரத்தான்:

தம்பி, எனக்கும் இதே வலி வந்திருக்கிறது. ஐஸ் வை, கிரேப் துணி இறுக்கிக் கட்டு, தைலம் தேய்த்துக்கொண்டு ஓடு. இரண்டு வாரத்தில் பழகிவிடும். இராணுவத்துக்குப் போகிறவன் இதற்கெல்லாம் நின்றால் எப்படி?

பிசியோ_அக்கா:

மேலே எழுதிய அண்ணனுக்கு வலி பழகியது அவருடைய நல்ல நேரம். தம்பி, நீ தயவுசெய்து அப்படிச் செய்யாதே. நான் பதினாறு வருடமாக அரசாங்க மருத்துவமனையில் பிசியோ வேலை பார்க்கிறேன். காலைப் பார்க்காமல் இது இன்னதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீ எழுதியதைப் படித்ததும் இரண்டு விஷயம் மனதில் வருகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

ஒன்று, ஷின் ஸ்பிலிண்ட்ஸ் என்று எல்லாரும் சொல்வது. எலும்பின் உள் ஓரத்தில் நீளமாக, ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பரவி வலிக்கும். இன்னொன்று, எலும்பில் மெல்லிய கீறல் விழுவது, ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். அது பெரும்பாலும் ஒரே இடத்தில், இருபது காசு வைத்து மறைத்துவிடலாம் போன்ற இடத்தில் வலிக்கும். படுத்திருந்தாலும் இராத்திரியில் விண்விண்ணென்று தெரியும்.

இன்றைக்கே ஒரு காரியம் செய். உட்கார்ந்து, கட்டை விரலால் கணுக்காலில் இருந்து முட்டி வரை எலும்பின் உள் ஓரத்தை ஒவ்வொரு விரல்கடையாக அழுத்திக்கொண்டே போ. எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று பேனாவால் கோடு போட்டுப் பார். மாத்திரை போடாத நாளில் செய்ய வேண்டும். கோடு நீளமாக வந்தால் கொஞ்சம் ஆறுதல். ஒரே புள்ளியில் உயிர் போகிற மாதிரி வலித்தாலோ, இராத்திரி வலி இருந்தாலோ, ஓட்டத்தை அன்றே நிறுத்து. எப்படி இருந்தாலும் கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குப் போ. ஒரு ரிங்கிட்தான் கட்டணம். வலி எத்தனை வாரமாக இருக்கிறது, எவ்வளவு ஓடினாய் என்பதை எழுதிக்கொண்டு போய்க் காட்டு. எக்ஸ்ரே எடுத்துச் சுத்தமாக வந்தால் உடனே ஓடிவிடாதே. கீறல் விழுந்த முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். வலி அப்படியே இருந்தால் மறுபடி போய்ச் சொல்ல வேண்டும்.

இப்போது மாத்திரை. வலி மாத்திரை போட்டு ஓடாதே. இது ஒன்றை மட்டுமாவது கேள். இந்த நேரத்தில் உன்னைக் காப்பாற்ற இருப்பது அந்த வலி மட்டும்தான், அதன் வாயை அடைத்துவிட்டு எப்படி ஓடுவாய்?

ஏன் வந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். வாரம் 6 கிலோமீட்டரில் இருந்து மூன்றே வாரத்தில் 40. மூச்சும் தசையும் சீக்கிரம் பழகிவிடும். எலும்பு அப்படி இல்லை. பாரம் கூடும்போது எலும்பு முதலில் பழையதைக் கரைக்கும், அப்புறம்தான் புதியதைக் கட்டும். நடுவில் சில வாரம் அது முன்னைவிடப் பலவீனமாக இருக்கும். உனக்கு "உடம்பு நன்றாக இருக்கிறது" என்று தோன்றியது சரியாக அந்த வாரங்களில்தான்.

இரண்டு கேள்வி. என்ன சப்பாத்து போட்டு ஓடுகிறாய்? பாதையில் எந்த ஓரமாக ஓடுகிறாய்?

லிந்தாங்ரோடு_தம்பி:

அக்கா, ரொம்ப நன்றி. அழுத்திப் பார்த்தேன். கோடு கிட்டத்தட்ட எட்டு சென்டிமீட்டர் வந்தது. இராத்திரி வலி இல்லை. ஆனால் கோட்டின் கீழ்ப்பகுதியில் ஓர் இடம் மற்றதைவிட அதிகமாக வலிக்கிறது.

சப்பாத்து, பழைய ஃபுட்சால் சப்பாத்துதான். அடி தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. பாதையில் போகும்போதும் வரும்போதும் இடது ஓரம். நடுவில் லாரி டயர் மேடு போட்டிருப்பதால் ஓரம் சரிவாக இருக்கும், இடது கால் எப்போதும் பள்ளத்தில்தான் விழும். நீங்கள் கேட்ட பிறகுதான் இதையே கவனித்தேன்.

முன்னாள்_ரேஞ்சர்:

தம்பி, நான் ரேஞ்சர் ரெஜிமென்டில் 21 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். நானும் தோட்டத்துப் பிள்ளைதான், அப்போது அது கித்தா (ரப்பர்) தோட்டம்.

நான் சேர்ந்தபோது எங்கள் பிளாட்டூனில் ஒரு பையன் இருந்தான். ஓட்டத்தில் அவனை யாரும் பிடிக்க முடியாது. உள்ளே வரும்போதே காலில் வலியோடு வந்திருக்கிறான், யாரிடமும் சொல்லவில்லை. நீ தினமும் ஒரு மணி நேரம் ஓடுகிறாய், மீதி நேரம் கால் ஓய்வாக இருக்கிறது. அங்கே அப்படிக் கிடையாது. விடிந்தால் ஓட்டம், அப்புறம் பூட்ஸ் போட்டுத் தார்த்தளத்தில் காவாட் (அணிநடைப் பயிற்சி), குதிகாலை ஓங்கி ஓங்கி அடிக்க வேண்டும், அப்புறம் முதுகில் மூட்டையோடு நடை. ஐந்தாவது வாரம் அவன் நடையில் பாதி வழியில் உட்கார்ந்தான். எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் தோளில் தாங்கிக்கொண்டு வந்தோம், அதில் ஒருவன் நான். வலியில் அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. எங்களோடு அவன் பயிற்சி முடித்து வெளியே வரவில்லை.

அதனால் சொல்கிறேன், தேர்வு நாளை மட்டும் மனதில் வைத்துக் கணக்குப் போடாதே. 2.4 கிலோமீட்டர் என்பது பாடாங்கில் (திடலில்) ஆறு சுற்று. அந்த ஆறு சுற்றை நொண்டிக்கொண்டாவது ஓடி முடித்துவிடலாம். அதற்குப் பின்னால் வரும் ஆறு மாதத்தை நொண்டிக்கொண்டு முடிக்க முடியாது.

எங்கள் அம்மா பால் மரம் வெட்டியவர். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் ஒரு மரத்தை வெட்டுவார்கள். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். பால் அதிகம் வரட்டும் என்று கத்தியை ஆழமாக விட்டால் உள்மரத்தில் காயம் பட்டுவிடும். பட்டை மறுபடி வளரும்போது அந்த இடம் முண்டும் முடிச்சுமாகப் போய், பிறகு அங்கே கத்தியே வைக்க முடியாது. மேற்பார்வை பார்க்கும் மண்டோர் அதைத்தான் தடவித் தடவிப் பார்ப்பார். உன் காலைப் பற்றிப் படித்ததும் எனக்கு அந்த மரங்கள்தான் ஞாபகம் வந்தது.

மருத்துவச் சோதனையில் பாதம் தட்டையா, முட்டி இரண்டும் முட்டுகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். கேட்டால் காயத்தை மறைக்காதே. ஆளெடுப்பு இந்த ஒரு தடவையோடு முடிந்துவிடாது. உனக்கு 19 வயதுதான்.

ஈப்போ_மாரத்தான்:

ரேஞ்சர் அண்ணன் எழுதியதைப் படித்தேன். தம்பி, நான் மேலே சொன்னதை விட்டுவிடு. முதலில் டாக்டரைப் பார். சப்பாத்து எத்தனை சைஸ் என்று சொல், என்னிடம் ஒரு மாதம் மட்டும் போட்ட ஜோடி ஒன்று சும்மா இருக்கிறது.

பிசியோ_அக்கா:

அந்த ஓர் இடம் அதிகமாக வலிக்கிறது என்று சொன்னாயே, அதற்காகவே நாளைக்குப் போ. தள்ளிப் போடாதே.

கீறல் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு செய்ய வேண்டியதை எழுதுகிறேன், எடுத்து வைத்துக்கொள். முதல் இரண்டு வாரம் ஓட்டமே வேண்டாம். மூச்சு போய்விடும் என்று பயப்படாதே, சைக்கிள் இருந்தால் அதில் 40 நிமிடம் மூச்சு வாங்க மிதி. மூச்சுக்குச் சைக்கிளும் ஓட்டமும் ஒன்றுதான், எலும்புக்குத்தான் வேறு. புஷ் அப், சிட் அப் எல்லாம் தாராளமாகச் செய்யலாம்.

லயத்துப் படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலைத் தூக்கி மெதுவாக இறக்கு. முட்டியை நேராக வைத்து 15, கொஞ்சம் மடக்கி வைத்து 15. மடக்கும்போதுதான் அடிக்கெண்டைத் தசை வேலை செய்யும், ஓட்டத்தில் எலும்பைக் காப்பாற்றுவது பெரும்பாலும் அதுதான். மூன்று முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். வலியில்லாமல் ஒற்றைக் காலில் 25 தடவை வரும் வரை கொண்டு போ.

அரை மணி நேர வேக நடை வலியில்லாமல் வந்தால், அப்புறம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, அதையே எட்டு தடவை. தார் ரோடும் வேண்டாம், சரிவுப் பாதையும் வேண்டாம், பாடாங் புல்லில் ஓடு. அடியைச் சின்னதாக எடுத்து வை, கால் அதிகத் தடவை தரையில் படட்டும், ஒவ்வொரு தடவையும் அடி லேசாக விழும். ஓடும்போது வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலையில் அதே படியில் இறங்கும்போது வலி கூடியிருக்கக் கூடாது. கூடியிருந்தால் ஒரு படி பின்னால் போ.

இன்னொன்று, காலையில் பசியாறாமல்தான் ஓடுகிறாய் என்று நினைக்கிறேன். ஓடி வந்ததும் அப்படியே டயர் கடைக்குப் போய் மத்தியானம்தான் சாப்பாடா? முட்டை, பால், நெத்திலி எது கிடைக்கிறதோ நன்றாகச் சாப்பிடு. பட்டினி கிடக்கிற உடம்பு எலும்பைக் கட்டாது.

லிந்தாங்ரோடு_தம்பி:

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அடுத்த நாளே கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டர் காலை அழுத்திப் பார்த்து, எக்ஸ்ரேக்கு எழுதிக் கொடுத்தார். சுத்தமாக வந்தது. அக்கா சொன்னது ஞாபகம் இருந்ததால் மூன்று வாரம் கழித்தும் அந்த இடம் வலித்தபோது மறுபடி போனேன். இரண்டாவது எக்ஸ்ரேயிலும் ஒன்றும் இல்லை, ஆனால் ஓட்டத்தை இன்னும் தள்ளிப் போடச் சொன்னார்கள்.

தேர்வு நாளுக்கு நான் போகவில்லை. முதல் நாள் இராத்திரி அப்பாவிடம் சொல்லவே கஷ்டமாக இருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய் வாசல் அஞ்சடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து, "காலை நீட்டு" என்றார். நான் கோடு போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தார். குலை வெட்டி வெட்டிக் காய்த்துப்போன கை, உரசியது. "அடுத்த தடவை போகலாம்" என்று மட்டும் சொன்னார்.

ஈப்போ அண்ணன் பஸ்ஸில் கொடுத்துவிட்ட சப்பாத்து சரியாக இருக்கிறது. குதிகால் பயிற்சி இடது காலில் 23 வருகிறது, வலதில் 27. போன வாரம் நடை இல்லாமல் தொடர்ந்து 12 நிமிடம் ஓடினேன். நேற்று பள்ளிப் பாடாங்கில் ஆறு சுற்று, வேகம் பார்க்காமல், 14.05. இன்று காலை படியில் இறங்கியபோது ஒன்றும் தெரியவில்லை. அழுத்தினால் அந்த ஓர் இடத்தில் மட்டும் இலேசாக, பத்துக்கு ஒன்று இருக்கும்.

அக்கா, அந்த ஒன்று முழுதாகப் போகும் வரை காத்திருக்க வேண்டுமா, இல்லை அடுத்த வாரம் முதல் ஓடும் நாளை மூன்றில் இருந்து நாலாகக் கூட்டலாமா? ரேஞ்சர் அண்ணே, பூட்ஸ் போட்டு நடந்து பழகுவதை எப்போது ஆரம்பிக்கலாம்?