கையில் 250 வெள்ளி (ரிங்கிட்), டிசம்பர் லீவு: பெர்ஹெந்தியானா, பங்கோரா?

சிப்புட் மல்லிகை:

வணக்கம். நான் மலேசியா, பேராக்கில் சுங்கை சிப்புட். நானும், என்னோடு ஈப்போ தொழிற்சாலையில் வேலை செய்யும் இரண்டு தோழிகளும் டிசம்பரில் ஏதாவது ஒரு தீவில் சில நாள் இருந்துவிட்டு வரலாம் என்று இருக்கிறோம். முதுகில் ஆளுக்கொரு பை, அவ்வளவுதான். பஸ், படகு, அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 250 வெள்ளிக்கு மேல் முடியாது. மூவருமே தோட்டத்தில் (எஸ்டேட்டில்) வளர்ந்தவர்கள். பள்ளிச் சுற்றுலாவில் லுமுட் கரை வரை போனதோடு சரி, கடல் தாண்டியதில்லை. கிழக்குக்கரை பெர்ஹெந்தியான் தீவின் படங்களைப் பார்த்துவிட்டு ஒருத்தி அங்கேதான் என்கிறாள். வீட்டில் அம்மாவுக்கு, பெண்பிள்ளைகள் மட்டும் போகிறோமே என்று கவலை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கூலிம் தம்பி:

அக்கா, டிசம்பரில் பெர்ஹெந்தியான் வேண்டாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்குக்கரையில் பருவமழை. அங்கே தங்குமிடங்கள் பெரும்பாலும் மூடிக் கிடக்கும், கோலா பெசுட்டிலிருந்து படகு ஓடுவதும் கடலைப் பொறுத்தது. ரெடாங், தியோமான் தீவுகளும் அப்படித்தான். தோழியை ஏப்ரலுக்குப் பிறகு கூட்டிப் போங்கள். அப்போதும் ரொக்கம் எடுத்துப் போகணும், பெர்ஹெந்தியானில் ஏடிஎம்மை நம்ப முடியாது.

மீன்காரர் மகள், ஆயர் தாவார்:

தங்கச்சி, லுமுட்டுக்கு எதிரே இருக்கும் பங்கோர் தீவுக்குப் போங்கள். அது மலாக்கா நீரிணைப் பக்கம் இருப்பதால் வருஷம் முழுக்கப் பெரி (பயணிகள் படகு) ஓடும். டிசம்பரில் மழை வரலாம், ஆனால் தீவை மூடுகிற மழை இல்லை. பெர்ஹெந்தியான் மாதிரி கண்ணாடித் தண்ணீரை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

என் அப்பா விடியற்காலையில் லுமுட் போய்ப் பங்கோர் மீனை எடுத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி, ஆயர் தாவாரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் விற்றவர். சம்பளம் போட்ட வாரம் பெரிய மீன், மாதக் கடைசியில் நெத்திலியும் கருவாடும். லீவு நாளில் என்னையும் தீவுக்குக் கூட்டிப் போவார். அதனால் எனக்குப் பங்கோர் என்றால் முதலில் அந்தக் கிழக்குப் பக்கம்தான். வருகிறவர்கள் எல்லாரும் ஜெட்டியில் (படகுத்துறையில்) இறங்கியதும் வேன் ஏறி மேற்கே தெலுக் நிப்பா மணலுக்கு ஓடிவிடுகிறார்கள். தங்குவது அங்கே இருக்கட்டும், மலிவான அறைகள் அங்கேதான் அதிகம். வார நாளில் போனால் விலை இறங்கும், பள்ளி லீவில் ஏறும், முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிடுங்கள். கடைத்தெருவை ஒட்டிய அறையாகப் பாருங்கள். ராத்திரி வரை குடும்பங்கள் நடமாடும் இடம், அம்மாவிடம் அதைச் சொல்லலாம்.

ஆனால் ஒரு முழுப் பகலைக் கிழக்கே கொடுங்கள். லுமுட்டிலிருந்து வரும் பெரி முதலில் சுங்கை பினாங் கெச்சிலில் நிற்கும். அங்கே கடலோரத்தில் பத்திரகாளியம்மன் கோயில் இருக்கிறது. மாசி மகத்துக்குப் பேராக் முழுவதிலிருந்தும் நம் சனம் வந்து குவியும். மற்ற நாளில் அமைதியாக உட்கார்ந்து கும்பிடலாம். மீன்பிடிப் படகுகள், நெத்திலி காயவைக்கும் இடங்கள், சத்தே மீன் என்கிற காய்ந்த மீன் தின்பண்டம் செய்கிற சீனர் கடைகள் எல்லாம் அந்தக் கரையில்தான். நம் தோட்டத்துச் சமையலில் காலங்காலமாக விழுந்த நெத்திலி எங்கிருந்து வந்தது என்று பார்க்கிற இடம் அது, எனக்கு மணலைவிட அது பெரிசு.

அங்கிருந்து தெற்கே தெலுக் கெடோங்கில் டச்சுக் கோட்டை. ஈயம் சேர்த்து வைக்க 1670இல் கட்டியது. 1690இல் உள்ளூர் மலாய்க்காரர்கள் தாக்கி அழித்தார்கள். 1743இல் டச்சுக்காரர்கள் திரும்பக் கட்டினார்கள், அதுவும் நிலைக்கவில்லை. பக்கத்தில் ஒரு பெரிய பாறையில் புலி ஒரு பிள்ளையைக் கவ்வுவது போலச் செதுக்கி 1743 என்று வெட்டியிருக்கிறது. கோட்டையைப் பார்த்துவிட்டுப் பாறையைத் தவறவிடுகிறவர்கள் நிறைய.

சாயங்காலம் ஆறரை மணி வாக்கில் தெலுக் நிப்பாவில் இருவாட்சிப் பறவைகள் இறங்கிவரும். குரங்குகளும் வரும், சாப்பாட்டுப் பையைத் திறந்து வைக்காதீர்கள்.

மஞ்சோங் மோட்டார்:

அக்கா சொன்னது எல்லாம் சரி. நான் சேர்ப்பது: இளஞ்சிவப்பு வேன்தான் அங்கே டாக்சி. மூவர் பகிர்ந்தால் கட்டுப்படியாகும், ஏறுமுன் விலை பேசுங்கள். தீவைச் சுற்ற மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாம், ஆனால் லைசென்ஸ் உள்ளவர் ஓட்டட்டும். தெலுக் டாலாம் தாண்டினால் செங்குத்தான ஏற்ற இறக்கம், மழையில் வழுக்கும். ஸ்நோர்கல் (மூச்சுக்குழாய் வைத்து நீருக்குள் பார்ப்பது) என்றால் தெலுக் நிப்பாவுக்கு எதிரே கியாம் தீவுக்குப் படகு போகும். லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

சிப்புட் மல்லிகை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பங்கோர்தான் என்று பேசி முடித்துவிட்டோம், அம்மாவும் கோயில் இருக்கிறது என்றதும் சரி என்றார். ஒரு கேள்வி: தோழி ஒருத்தி வெள்ளிக்கிழமை சைவம். கடற்கரைக் கடைகளில் எல்லாம் மீனாகத்தானே இருக்கும்?

மீன்காரர் மகள், ஆயர் தாவார்:

பங்கோர் டவுனில் இந்தியர் சாப்பாட்டுக் கடை இருக்கிறது, வெள்ளிக்கிழமை மதியம் கிழக்கே இருக்கும்படி பார்த்துக்கொண்டால் பிரச்சினை இல்லை. தெலுக் நிப்பாவில் காய்கறி வறுவல் கேட்டால் போடுவார்கள், ஆனால் பெலாச்சான் (இறால் விழுது), நெத்திலி இரண்டும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லணும். நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றோடு வரும் சம்பலில் பெரும்பாலும் இரண்டுமே இருக்கும். நெத்திலி, கருவாடு வீட்டுக்கு வாங்குவதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், முதல் நாளே வாங்கினால் பை முழுக்க அந்த வாசம்தான். 2020 முதல் தீவுக்கு வரி விலக்கு இருப்பதால் சாக்லேட்டும் விற்கிறார்கள், அதையும் திரும்பும்போதே வாங்கலாம். கடைசிப் பெரி எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே ஜெட்டியில் கேட்டுக்கொள்ளுங்கள். லுமுட்டில் இருட்டிய பிறகு ஈப்போ பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், மதியப் பெரியிலேயே திரும்பிவிடுங்கள்.