தென் கரோலினா, 1876

கயல்: சித்தப்பா, என் கட்டுரைக்காக ஒரு சந்தேகம். உள்நாட்டுப் போருக்கு வித்திட்ட தென் கரோலினா, 1876 அதிபர் தேர்தலில் லிங்கனின் குடியரசுக் கட்சிக்கு எப்படி வாக்களித்தது?

சித்தப்பா: அங்கே அப்போது கறுப்பின மக்களே பெரும்பான்மை, அம்மா. 1860 வரை அந்த மாநிலத்தில் அதிபர் தேர்தலுக்கு மக்கள் வாக்களித்ததே இல்லை. மாநிலத்தின் சார்பில் அதிபருக்கு வாக்களிக்கும் தேர்வாளர்களைச் சட்டமன்றமே நியமித்தது.

மீனா அத்தை: வெள்ளையர்களுக்குக்கூட வாக்கு இல்லையா?

சித்தப்பா: அதிபர் தேர்தலில் இல்லை அக்கா. 1868-இல்தான் முதன்முறையாக மக்கள் வாக்களித்தார்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஆண்களும் வரிசையில் நின்றார்கள். குடியரசுக் கட்சியின் கிராண்ட் அங்கே வென்றார்.

செந்தில்: 1876-இல் வித்தியாசம் எவ்வளவு?

கயல்: 889தான் அண்ணா. குடியரசுக் கட்சியின் ஹேய்ஸுக்கு 91,786. ஜனநாயகக் கட்சியின் டில்டனுக்கு 90,897.

சித்தப்பா: கடும் போட்டி என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதே. அந்த ஜூலையில் ஹாம்பர்க் என்ற ஊரில், பிடிபட்ட கறுப்பினக் காவல்படையினர் சிலரை வெள்ளையர் கும்பல் சுட்டுக் கொன்றது. பிறகு ஜனநாயகக் கட்சியை ஆதரித்த ‘சிவப்புச் சட்டைக்காரர்கள்’ என்ற வெள்ளையர் படையினர் துப்பாக்கியுடன் குதிரையேறி வந்து குடியரசுக் கட்சிக் கூட்டங்களை மிரட்டினார்கள். எட்ஜ்ஃபீல்ட் மாவட்டத்தில் வாக்குரிமை உள்ளவர்களின் எண்ணிக்கையைவிடப் பதிவான வாக்குகள் அதிகம்! இத்தனைக்கும் அஞ்சாமல் போய் வாக்களித்தவர்கள் அந்தக் கறுப்பின மக்கள். அந்தத் துணிச்சலை எழுது.

மீனா அத்தை: படிக்கவே நெஞ்சு பதறுகிறது. பிறகு என்ன ஆனது?

சித்தப்பா: மாநில ஆளுநர் பதவிக்குக் குடியரசுக் கட்சியின் சாம்பர்லெய்ன், ஜனநாயகக் கட்சியின் ஹாம்ப்டன் இருவருமே உரிமை கொண்டாடினார்கள். அதிபர் தேர்தல் தகராறு 15 பேர் ஆணையத்துக்குப் போனது. 8-க்கு 7 என்று ஹேய்ஸ் பக்கம் தீர்ப்பு. நாடு முழுவதும் தேர்வாளர் வாக்குகள் மொத்தத்தில் 185-க்கு 184. தென் கரோலினாவின் 7 தேர்வாளர் வாக்குகள் இல்லாவிட்டால் அவர் தோற்றிருப்பார்.

செந்தில்: அப்படியானால் அந்த மக்களுக்கு அவர் கடன்பட்டவர் அல்லவா?

சித்தப்பா: 1877 ஏப்ரலில் ஹேய்ஸ், மாநிலத் தலைநகர் கொலம்பியாவின் சட்டமன்றக் கட்டடத்தில் சாம்பர்லெய்னுக்குக் காவலாக நின்ற ராணுவத்தை விலக்கிக்கொண்டார். சாம்பர்லெய்ன் ஆட்சி கவிழ்ந்தது. எத்தனை முறை படித்தாலும் இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கயல்: 1880-இல்?

சித்தப்பா: அந்த மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் ஹான்காக் வென்றார். 1882-இல் எட்டுப் பெட்டிச் சட்டம் வந்தது. பதவிக்கு ஒரு பெட்டி; பெட்டி மாற்றிப் போட்ட சீட்டு செல்லாது. எழுத்தறியாதவர்களைக் கழித்துக்கட்டத்தான் இந்த ஏற்பாடு. 1876-க்குப் பிறகு அங்கே குடியரசுக் கட்சி அதிபர் தேர்தலில் வென்றது 1964-இல்தான். அப்போது அந்தக் கட்சியின் வேட்பாளர், இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த கோல்ட்வாட்டர்.

கயல்: ஹாம்பர்க்கிலிருந்தே கட்டுரையைத் தொடங்குகிறேன், சித்தப்பா.

மீனா அத்தை: எழுதியதும் குழுவில் போடு கயல். மாமாவும் படிக்க வேண்டும் என்கிறார்.