ஒரே மாத்திரை, வேறு வேறு வார்டு: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

பெரம்பூர் மகள்

அம்மாவுக்கு முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரலை மடக்கவே ஒரு மணி நேரம் ஆகும் என்றிருந்தவர், இப்போது தானே உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறார். வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட், மற்ற நாளில் ஃபோலிக் ஆசிட். வருஷக்கணக்கில் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

சமீபத்தில் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். அவருக்கு வாய்ப் புற்றுநோய். ஆபரேஷன், கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்தும் மறுபடி வந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டுப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "இது என் மாத்திரை ஆச்சே?" என்றார். சித்தப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவர் கிளம்பிப் போனதும் கதவைச் சாத்திவிட்டு, "எனக்கு என்ன வியாதின்னு உண்மையைச் சொல்லுடி" என்று ஆரம்பித்தவரைச் சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சித்தப்பாவின் சீட்டில் கூடவே செலிகாக்சிப் இருக்கிறது. அதுவும் மூட்டுவலிக்குத் தருகிற மாத்திரைதானே! உங்கள் வீடுகளில் இப்படி நடந்திருக்கிறதா?

திருவல்லிக்கேணி மெடிக்கல்

எங்கள் கவுன்டரில் இது அடிக்கடி நடப்பதுதான், சகோதரி. மருந்தின் பெயரைப் போனில் தேடுவார்கள், புற்றுநோய் மருந்து என்று வரும், அன்றோடு மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் கை வீங்கி வந்து நிற்பார்கள்.

அளவுதான் விஷயம். முடக்குவாதத்துக்கு வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை. எலும்புப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கு இதையே டிரிப்ஸில் ஏற்றும்போது, உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 12 கிராம் வரை போகும். மில்லிகிராம் இல்லை, கிராம். ஏற்றிய மறுநாள் லூக்கோவோரின் என்ற முறிவு மருந்து கொடுத்தால்தான் நல்ல செல்கள் தப்பிக்கும்.

என் பயமெல்லாம் வேறு. ஒரு பெரியவரை அவர் மகன் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து, வாய்ப்புண்ணுக்கு ஜெல் கேட்டார். வாயைத் திறக்கச் சொன்னால், உதட்டின் உள்பக்கம் முழுக்கத் தோல் உரிந்து ரத்தச் சிவப்பு. தண்ணீர்கூட இறங்கவில்லை. பழைய கவரைக் காட்டச் சொன்னேன். வேறொரு கடையில் வாங்கியது, "காலை 1" என்று மட்டும் எழுதியிருந்தது. வார மாத்திரையைத் தினமும் விழுங்கியிருக்கிறார் மனிதர். ஜெல் தராமல் நேரே எமர்ஜென்சிக்குப் போகச் சொன்னேன். ரத்த அணுக்கள் பாதாளத்துக்கு இறங்கியிருந்தனவாம். நல்லவேளை, பிழைத்துவிட்டார். இந்த மருந்து யார் வாங்கினாலும் அட்டையின் முதுகில் மார்க்கரால் கிழமையை எழுதித்தான் கொடுப்பேன். எழுதாமல் கொடுக்கும் கடையில் வாங்காதீர்கள் என்றுகூடச் சொல்வேன்.

பயோகெமிஸ்ட்ரி வாத்தியார் (ஓய்வு)

இந்த மாத்திரைக்குச் சென்னையில் ஒரு வேர் உண்டு. சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர் எல்லாப்ரகட சுப்பாராவ். கதர் உடுத்திக்கொண்டு வகுப்புக்குப் போனதில் சர்ஜரி பேராசிரியருக்குக் கோபம். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ்.தான் கையில் வந்தது. அப்புறம் அமெரிக்கா போனார். ரத்தத்தில் பாஸ்பரஸ் அளக்க ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று ஒன்று உண்டு, 1925-இல் வந்தது. நான் வேலை பார்த்த காலம் முழுக்க மாணவர்களுக்கு அதைச் செய்துகாட்டியிருக்கிறேன். நீலம் சரியாக வராவிட்டால் பிள்ளைகள் சுப்பாராவைத்தான் திட்டுவார்கள்.

லெடர்லி மருந்துக் கம்பெனியில் அவருடைய குழு, செல்கள் பெருகத் தேவையான வைட்டமினான ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகத் தயாரித்தது. பிறகு அதையே போல இருந்துகொண்டு அதன் வேலையைக் கெடுக்கும் பொருள்களைச் செய்தது. அதில் ஒன்றான அமினோப்டெரினை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தணிந்தது. தற்காலிகமாகத்தான், ஆனாலும் அதுவரை கையைப் பிசைந்துகொண்டு நின்ற நோய் அது. 1948 ஜூனில் அந்தக் கட்டுரை வெளிவந்தது, ஆகஸ்டில் சுப்பாராவ் காலமாகிவிட்டார். அமினோப்டெரினின் உடன்பிறப்புதான் மெத்தோட்ரெக்சேட்.

இந்த வகை மருந்து மூட்டுக்கு உதவும் என்பது, அமினோப்டெரினைக் கொடுத்துப் பார்த்ததில், 1951-லேயே தெரியும். அப்போது எல்லோரும் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள், யாரும் கண்டுகொள்ளவில்லை. அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு முறையான அனுமதி கிடைத்தது 1988-இல். 37 வருஷம்! எத்தனை பேரின் விரல்கள் கோணிப்போயிருக்கும் என்று எனக்கு இன்னும் ஆற்றாமை உண்டு.

பி.எச்டி. மூன்றாம் வருஷம்

வாத்தியார் சார், உங்கள் நீலம் எங்களுக்கும் உண்டு. நான் ஆராய்ச்சி செய்வது மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் இருக்கும் அழற்சிப் புரதங்கள் பற்றி. அழற்சி என்றால், காயத்தையோ கிருமியையோ எதிர்த்து உடம்பு வீங்கிச் சிவப்பது. ஆஸ்பத்திரியிலிருந்து ஐஸ் பெட்டியில் ரத்தக் குழாய்களை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வருவேன். அண்ணா சாலை டிராஃபிக்கில் ஐஸ் கரையும்போது எனக்குத்தான் பி.பி. ஏறும். புரதத்தை அளக்கும் எலைசா சோதனைத் தட்டில் 96 குழிகள். புரதம் இருக்கிற குழி மெல்ல நீலமாகும். அமிலம் ஒரு சொட்டு விட்டதும் சட்டென்று மஞ்சளுக்கு மாறும். எவ்வளவு அடர்ந்த மஞ்சளோ அவ்வளவு அழற்சி.

பெரம்பூர் அக்கா கேட்டதற்கு வருகிறேன். மூட்டு, ரத்தக்குழாய், புற்றுநோய் என்று ஆஸ்பத்திரியில் மூன்று ஓ.பி. இருக்கிறது. செல்லுக்கு அந்தப் போர்டெல்லாம் தெரியாது. 2017-இல் வந்த கான்டோஸ் ஆய்வில், மாரடைப்பு வந்து, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு 2-க்குக் கீழே இறங்காத 10,061 பேருக்கு, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-1 பீட்டாவைத் தடுக்கும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு டம்மி ஊசி. கொலஸ்ட்ரால் துளிகூட மாறவில்லை, ஆனால் மறுபடி மாரடைப்பு, பக்கவாதம் வருவது சுமார் 15 சதவீதம் குறைந்தது. எதிர்பாராத விதமாக நுரையீரல் புற்றுநோய்ச் சாவும் குறைந்தது.

இதைப் படித்துவிட்டுத் துள்ளினேன். ஆனால் அந்த ஊசியை நுரையீரல் புற்றுநோய்க்கே மருந்தாகக் கொடுத்துப் பார்த்த அடுத்த ஆய்வுகள் கைகொடுக்கவில்லை. கான்டோஸிலும் ஊசி போட்டவர்களிடையே தொற்று முற்றி இறந்தவர்கள் அதிகம். அழற்சியை அடக்கினால் காவல்காரனும் சேர்ந்து தூங்கிவிடுகிறான்.

சித்தப்பாவின் சீட்டுக்குப் பின்னால் இருப்பது மும்பை டாடா மருத்துவமனையின் வேலையாக இருக்கலாம். மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப் இரண்டையும் வாய் வழியாகக் குறைந்த அளவில் கொடுத்து, வழக்கமான சிஸ்பிளாட்டின் ஊசியோடு 422 பேரிடம் ஒப்பிட்டார்கள். முடிவு 2020-இல் வந்தது. ஊசிக்காரர்களில் பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் 6.1 மாதம், மாத்திரைக்காரர்களுக்கு 7.5 மாதம். பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் மாத்திரை விலை மலிவு, படுக்கை வேண்டாம், பக்கவிளைவும் குறைவு. குணமாக்கும் வைத்தியம் இல்லை, அக்கா. இதைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

பெரம்பூர் மகள்

தெரியும் தம்பி. டாக்டரும் அதைத்தான் சொன்னார். சித்தப்பாவுக்கும் தெரியும். ஊசிக்குப் போய்ப் படுக்காமல் வீட்டிலேயே ரசம் சாதம் சாப்பிட முடிகிறதே என்கிறார்.

மூலனூர்க்காரன், இப்போது கொளத்தூர்

எனக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர் எழுதியதில் கால்சிசின் 0.5 என்று ஒன்று இருந்தது. கவுட் என்ற மூட்டுவலிக்குக் கொடுப்பது, இதயத்துக்கும் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் அப்பா ஊரில் போடுகிற வெள்ளாமையே கண்வலிக்கிழங்குதான்! செங்காந்தள், நம் மாநிலப் பூ. கம்பிப் பந்தலில் கொடி ஏற்றிவிட்டு, காலையில் ஆட்கள் பூப்பூவாகப் போய் மகரந்தத்தைத் தொட்டுவைப்பார்கள். காய் வெடித்தால் உள்ளே ஆரஞ்சு நிற விதை. அதை வியாபாரி வாங்கிப் போவது கால்சிசின் எடுக்கத்தான். கிழங்கைத் தின்றால் ஆள் காலி, சின்ன வயதில் தொட்டாலே அம்மா அடிப்பார்.

அப்பாவிடம் சொன்னேன். "அதைப் போயா எழுதினான்?" என்று போனிலேயே கத்தினார். ஆரம்பத்தில் வயிற்றுப்போக்கு வந்தது, டாக்டரிடம் சொல்லிச் சரிசெய்துகொண்டேன். இது உண்மையில் வேலை செய்கிறதா, தம்பி?

பி.எச்டி. மூன்றாம் வருஷம்

இழுபறிதான், அண்ணா. 2020-இல் வந்த லோடோகோ-2 ஆய்வில் நிலையான இதய நோயாளிகள் 5,522 பேர். இதே 0.5 மில்லிகிராமில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 31 சதவீதம் குறைந்தன. 2024-இல் மாரடைப்பு வந்த கையோடு கொடுத்துப் பார்த்த, அதைவிடப் பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. வேறு காய்ச்சலுக்கு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால் மட்டும் கால்சிசின் சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து.

நாடி தேடியவள்

என் தங்கைக்கு டகாயாசு என்ற ரத்தக்குழாய் நோய். ஈரத் துணியைக் கொடியில் போடும்போது இடது கை துவண்டுபோகும். பி.பி. மெஷின் வலது கையில் ஓடும், இடது கையில் எர்ரர். மெஷின் கெட்டுவிட்டது என்று மாற்றிக்கூடப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு வயதான டாக்டர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து நாடி இல்லை என்றார். பெரிய ரத்தக்குழாயின் சுவரே அழற்சியில் தடித்து வழி சுருங்கிவிட்டிருந்தது. அவளுக்கும் ஸ்டீராய்டோடு அதே மெத்தோட்ரெக்சேட்தான்.

பிறகு அழற்சியை அடக்கும் டோசிலிசுமாப் ஊசிக்கு மாற்றினார்கள். 2021 மே மாதம் ஊசி கிடைக்கவில்லை. கொரோனா நோயாளிகளுக்காக ஊரே அதைத் தேடிக்கொண்டிருந்தது. எங்களிடம் வந்து பிளாக்கில் விலை சொன்னார்கள். தங்கை, "அவங்களுக்கு மூச்சு, எனக்குக் கை. விடு" என்றாள். நான் விடவில்லை, பல கடை ஏறி இறங்கினேன், கிடைக்கவுமில்லை.

வில்லிவாக்கம் புதியவர்

என் அப்பாவை ஒரு புதிய மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். சோதனை எலி ஆகிவிடுவாரோ என்று வீட்டில் ஒரே சண்டை.

பி.எச்டி. மூன்றாம் வருஷம்

கையெழுத்துப் போடுமுன் தமிழில் விளக்கத் தாள் கேளுங்கள், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க நேரமும் கேளுங்கள். இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.-யில் பதிவு எண் இருக்க வேண்டும், இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். டம்மி மருந்து வரும் வாய்ப்பு உண்டா, ஆய்வினால் பாதிப்பு வந்தால் வைத்தியச் செலவும் இழப்பீடும் யார் தருவார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. பதில் சொல்ல யாராவது சலித்துக்கொண்டால் அந்த ஆய்வே வேண்டாம்.

திருவல்லிக்கேணி மெடிக்கல்

அப்பா இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரையையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். அங்கே கேட்கும்போது "வெள்ளை மாத்திரை, சின்னது" என்று சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.