ஷோக்கா, சோக்கா?

மதுரைவீதி: 'ஷோக்கு உருதுச் சொல், ஆசை என்று பொருள், அதுதான் நேர்த்தி என்று ஆனது' என்று நேற்று இங்கே ஒருவர் தீர்ப்பு எழுதிவிட்டார். எங்கள் ஊர்ச் சாமியின் பெயரே சொக்கன். அழகன் என்று பொருள். சொக்கத்தங்கம், சொக்குப்பொடி எல்லாம் நம்மிடம் இருக்க, சோக்குக்கு மட்டும் ஆற்காடு நவாப் வாசலில் ஏன் போய் நிற்க வேண்டும்?

தையல்கடைப்பேரன்: எழுதியது நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். தாத்தா திருவல்லிக்கேணியில் தையல்கடை வைத்திருந்தார். காலரைத் தைத்துத் திருப்பி, முனையை ஊசியால் நெம்பி, நகத்தால் நீவிவிட்டு, 'இப்ப பாரு, ஷோக்கா கீது' என்பார். ஷ போட்டுத்தான் சொல்வார்.

மதுரைவீதி: ஷ போட்டால் உருதா? சரி, தௌலத் என்ற உருதுச் சொல் நம் வாயில் டவுலத்து ஆனது. அப்படியானால் ஷோக்குக்கு மூலம் என்று நீங்கள் சொல்லும் உருது ஷௌக், சவுக்கு என்றல்லவா ஆகியிருக்க வேண்டும்? ஏன் ஆகவில்லை?

தையல்கடைப்பேரன்: உருதுக்காரர் பேசும்போது அந்த ஔ, ஓ மாதிரிதான் காதில் விழும். நீங்கள் சொல்லுங்கள், சொக்கு நீண்டு சோக்கு ஆனால் சொக்கன் ஏன் சோக்கன் ஆகவில்லை?

வடலி: யாழ்ப்பாணத்தில் அம்மாவும் 'சோக்கான சீலை' என்றுதான் சொல்லுவா. எங்களிடம் எந்த நவாப்பும் வரவில்லையே, அண்ணை.

மதுரைவீதி: கேட்டுக்கொள்ளுங்கள்!

தையல்கடைப்பேரன்: சென்னையை டச்சுக்காரன் ஆளவில்லை. கக்கூஸ் டச்சுச் சொல். ஆள வந்தால்தான் சொல் வருமா?

வடலி: அம்மாவின் சீலையைப் பற்றிக் கதைக்கும்போது கக்கூஸை ஏன் இழுக்கிறீர்கள்? மரியாதையாக எழுதுங்கோ.

தையல்கடைப்பேரன்: உதாரணம் சொன்னேன், அவ்வளவுதான்.

சும்மாவந்தேன்: ஷோக்கு என்றால் பகட்டா, நேர்த்தியா? அதை யாருமே சொல்லவில்லை. எங்கள் வீட்டில் 'சோக்காளி' என்றால் வசவு. வேலைக்குப் போகாமல் சென்ட் பூசிக்கொண்டு திரிகிறவன்.

மதுரைவீதி: அது கிடக்கட்டும். டவுலத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

தையல்கடைப்பேரன்: சொன்னேனே! போன மாதம் 'சாவி' போர்த்துக்கீசியம் என்று எழுதியபோதும் இப்படித்தான் குதித்தீர்கள். அதற்கு நான்கு நாள் சண்டை.

மதுரைவீதி: சாவிக்கும் என்னிடம் பதில் இருக்கிறது, தனியாகப் பேசுவோம். தமிழ்ச் சொல் எதைப் பார்த்தாலும் அடுத்த வீட்டுச் சொத்து என்று எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள். எங்கள் பாட்டிக்கு உருது எழுத்து எப்படியிருக்கும் என்றே தெரியாது. தாழம்பூ வைத்துப் பின்னிவிட்டு, தள்ளி நின்று பார்த்து, 'சோக்கா இருக்குடி' என்பாள்.

தையல்கடைப்பேரன்: என் தாத்தாவுக்கும்தான் உருது எழுத்து தெரியாது. காதில் விழுந்ததைச் சொன்னார்.

மதுரைவீதி: டவுலத்து. சவுக்கு. அதைச் சொல்லுங்கள் முதலில்.